முதல் சுத்து யாரு சுத்தினது?

தலைப்பைப் பார்த்துட்டு சக்கரம் கண்டுபிடிச்ச கதைன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கவும். இது பழைய போர் விமானங்களை எப்படி ஸ்டார்ட் பண்ணினாங்க என்பதைப் பற்றிய பதிவு. பொட்டி தட்டுறவனுக்கு ஏன்டா இந்த வேலைன்னு கேட்கக்கூடாது. நானும் மெக்கானிக்கல் படிச்சவன்தான் சாமி, என்ன, நாலு வருஷம் படிச்சதுக்கு அப்புறம் ஒரு ஸ்பேனரைக்கூட கையில எடுக்கல, அவ்வளவுதான் :-)

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ, ஒரு கல்யாண வீட்டுக்காக கோவில்பட்டி வரைக்கும் போக வேண்டியிருந்தது. கூட சின்னத் தாத்தா. எங்க தாத்தாவோட தம்பி. விமானப்படையில எஞ்சின் பிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவர், எண்பது தாண்டியாச்சு. திருநெல்வேலி தாண்டி கயத்தாறுல டீ குடிக்க நிறுத்தினோம். கயத்தாறுன்னா நமக்கெல்லாம் 1799ல கட்டபொம்மனைத் தூக்குல போட்ட இடம், அப்புறம் காத்தாலைங்க. தாத்தா டீ கிளாஸை வச்சிட்டு வேற ஒண்ணைக் காட்டினார்.

"அந்தப் பக்கந்தாம்ல வெள்ளைக்காரன் ஏரோப்ளேன் எறக்க ரன்வே போட்டது. ரெண்டாம் ஒலகப்போர்ல."

கயத்தாறுல போர்க்காலத்து ஓடுதளம் ஒண்ணு இருக்குன்னு நான் எங்கேயோ படிச்சிருக்கேன். சரின்னு தலையாட்டினேன். விடுவாரா மனுஷன்?

"நீ இஞ்சினீருல்லா. சொல்லு, ஏரோப்ளேன் எஞ்சினை மொத சுத்து யாரு சுத்துவா?"

"ஸ்டார்ட்டர் மோட்டார், தாத்தா."

"மோட்டார் இல்லாத காலத்துல?"

திருதிருன்னு முழிச்சேன். கோவில்பட்டி வர்ற வரைக்கும் அவர் சொன்னதும், அதுக்கப்புறம் நான் தேடிப் படிச்சதும் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு சின்ன கொசுவர்த்தி. எங்க ஊரு சேரன்மகாதேவி பக்கம். கன்னடியன் கால்வாய் தண்ணி எட்டாத மேட்டு நிலம் கொஞ்சம் எங்களுக்கு உண்டு. அதுக்குக் கிணறு, கிணத்துமேல ஆயில் எஞ்சின். அதை ஸ்டார்ட் பண்றது ஒரு கலை. தலையில இருக்கிற லிவரைத் தூக்கி விட்டுட்டா உள்ளே அழுத்தம் இருக்காது, சக்கரம் லேசா சுத்தும். ஹேண்டிலைப் போட்டு மெதுவா ஆரம்பிச்சு வேகம் ஏத்திக்கிட்டே போகணும். கனமான சக்கரத்துல நல்லா வேகம் ஏறினதும் லிவரை இறக்கினா, டப்... டப்... டபடபடப. சரியா நடந்தா ஹேண்டில் தானா கழண்டு கையில வந்துடும். சரியா நடக்கலைன்னா எஞ்சின் எதிர்ப்பக்கமா உதைக்கும். எங்க தாத்தாவோட வலது கட்டைவிரல் கடைசி வரைக்கும் கோணலாத்தான் இருந்தது. அதனால எங்க வீட்டுப் பசங்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: "ஏல, பெருவெரலை மத்த வெரலோட சேத்து ஒரே பக்கமா வைய்யி, சுத்திப் பிடிக்காத." உதைச்சா ஹேண்டில் கையை விட்டு வழுக்கிட்டுப் போயிடும், விரல் தப்பிக்கும்.

இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

பெட்ரோல் எஞ்சின் எதுவா இருந்தாலும் அடிப்படை ஒண்ணுதான். காத்தையும் பெட்ரோலையும் உறிஞ்சணும், அமுக்கணும், பொறி வைக்கணும். அதுக்கப்புறம்தான் அது நமக்கு வேலை செய்யும். முதல் ரெண்டு வேலைக்குமே எஞ்சின் ஏற்கெனவே சுத்திக்கிட்டு இருக்கணும். அப்போ ஓடுறதுக்கே ஓடணும். கோழி முட்டை கதை. அந்த முதல் சுத்தை வெளியிலிருந்து யாராவது கொடுத்தே ஆகணும். போதாக்குறைக்கு பழைய எஞ்சின்ல பொறி கொடுக்கிறது மேக்னெட்டோ. அதுவும் வேகமா சுத்தினாத்தான் நல்ல பொறி தரும். மெதுவா சுத்துற முதல் சுத்துலதான் நல்ல பொறி அதிகம் தேவை. என்ன டிசைனோ!

ஆரம்பத்துல இதுக்கெல்லாம் தீர்வு மனுஷக் கைதான். ப்ரொப்பெல்லரையே பிடிச்சு இழுத்து விடறது. இரண்டாம் உலகப்போர்ல நம்ம நாட்டு பைலட்டுகள் பலர் முதன்முதலா ஏறினது டைகர் மாத் என்ற ரெட்டை இறக்கை விமானம். ஹைதராபாத் பேகம்பேட்டிலும் ஜோத்பூரிலும் அதுக்குப் பயிற்சிப் பள்ளிகள் இருந்தன. நாலு சிலிண்டர், 130 குதிரைத்திறன், சுமார் ஆறு லிட்டர் எஞ்சின். சக்கரத்துக்கு முன்னாடி கட்டை போட்டிருப்பாங்க. முன்னால ஒருத்தர் நிப்பார், உள்ளே பைலட். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு கேள்வி-பதில் சடங்கு நடக்கும். "ஸ்விட்ச் ஆஃப்?" "ஸ்விட்ச் ஆஃப்." "பெட்ரோல் ஆன்?" "ஆன்." சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லணும். ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கும்போதே ப்ரொப்பெல்லரை சில சுத்து சுத்தி பெட்ரோலை உறிஞ்ச வைப்பாங்க. அப்புறம்தான் "கான்டாக்ட்!" பைலட் ஸ்விட்சைப் போட்டுட்டு அதையே திருப்பிக் கத்துவார். முன்னால நிக்கிறவர் ஒரே இழுப்பா இழுத்து விட்டு, அந்த வேகத்துலயே பின்னால நகர்ந்துடணும்.

இதுல ஒரு வார்த்தை தப்பாக் காதுல விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ஓடுற ப்ரொப்பெல்லர் கண்ணுக்கே தெரியாது. ஸ்விட்ச் ஆஃப்னு நினைச்சு சுத்தும்போது ஆன்ல இருந்தா முடிஞ்சது கதை. அதனால அந்த வேலைக்குக் கத்துக்கொடுத்த முதல் பாடம் என்ன தெரியுமா? விரலை மடக்கி பிளேடோட விளிம்பைச் சுத்திப் பிடிக்காதே, உள்ளங்கையைத் தட்டையா வைய்யி. உதைச்சா கை வழுக்கி வெளிய வந்துடணும். சேரன்மகாதேவி கிணத்து மேட்டுல எங்க தாத்தா சொன்ன அதே பாடம்!

இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8ல உருவானது. முதல் ஸ்குவாட்ரன் 1933 ஏப்ரல் 1ல கராச்சி ட்ரிக் ரோடுல ஆரம்பிச்சப்போ இருந்தது நாலு வபிட்டி விமானம், கொஞ்சம் அதிகாரிகள், 19 பேர் 'ஹவாய் சிப்பாய்கள்'. காத்துச் சிப்பாய்ங்க. அதிகாரிகள்ல ஒருத்தர் சுப்ரதோ முகர்ஜி, பின்னாடி 1954ல விமானப்படைக்கு முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஆனார். அவர் பேர் பொது அறிவுப் புத்தகத்துல வரும். அந்த 19 பேரும் எண்ணாத்தான் வருவாங்க. எஞ்சினைத் தொட்டு, துடைச்சு, சுத்தி விட்ட கூட்டம் இவங்கதான்.

எஞ்சின் பெருசாகப் பெருசாக கை போதல. முதல் உலகப்போர் முடியுற சமயம் இங்கிலாந்துல ஹக்ஸ் என்ற பைலட் ஒரு வழி கண்டுபிடிச்சார். ஃபோர்டு மாடல்-டி கார் சட்டத்து மேல ஒரு நீளமான தண்டு, செயின் போட்டு கார் எஞ்சினோட இணைப்பு. வண்டியை விமானத்து மூக்குக்கு நேரா ஓட்டிட்டுப் போய் தண்டை ப்ரொப்பெல்லர் நடுவுல மாட்டி, கார் எஞ்சினால விமான எஞ்சினைச் சுத்துறது. கிட்டத்தட்ட நம்ம ஊர்ல பேட்டரி போன வண்டிக்கு இன்னொரு வண்டி உதவுற மாதிரிதான். வண்டி கிட்ட இல்லைன்னா? பிளேடு நுனியில ஒரு தோல் உறையை மாட்டி, அதுல ரப்பர் கயிறு கட்டி நாலஞ்சு பேர் தேர் இழுக்கிற மாதிரி இழுக்கிறதும் நடந்திருக்கு. நெல்லையப்பர் தேர் இழுத்த ஆளுங்களுக்கு இந்த வேலை ரொம்ப சுலபமா வந்திருக்கும்!

அடுத்த முறைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. இனர்ஷியா ஸ்டார்ட்டர். எஞ்சினை நேரா சுத்த பலம் போதாது, சரி. ஒரு சின்ன ஃப்ளைவீலைச் சுத்த பலம் போதுமே? ஹேண்டிலைப் போட்டு ஒருத்தரோ ரெண்டு பேரோ சுத்துவாங்க. கியர் வழியா உள்ளே இருக்கிற ஃப்ளைவீல் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுத்துக்கு மேல போகும். சைரன் மாதிரி ஒரு ஊளைச் சத்தம் ஏறிக்கிட்டே வரும். அப்போ கிளட்ச்சைப் போட்டா, அரை நிமிஷமா மனுஷன் சேர்த்து வச்ச சக்தி மொத்தமும் சில நொடியில எஞ்சினுக்குள்ள போய் அதைப் புரட்டிப் போடும். எங்க ஆயில் எஞ்சின்ல லிவரைத் தூக்கிட்டு வேகம் ஏத்துறதும் இதே தத்துவம்தான். கல்லூரியில ஃப்ளைவீல்ல கணக்கு கணக்காப் போட்டேன். அது எதுக்குன்னு இப்போதான் புரியுது.

ஜெர்மனியோட மெஸ்ஸர்ஷ்மிட் 109, ஜப்பானோட ஜீரோ ரெண்டுமே இப்படித்தான் கிளம்பின. தென்னிந்தியாவுக்கு இந்த ஜீரோ எவ்வளவு பக்கத்துல வந்ததுன்னு பார்க்கணும்.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானோட விமானந்தாங்கிக் கப்பல்கள்ல இருந்து கிளம்பின விமானங்கள் காலையில கொழும்பு மேல வந்து நின்னது. முந்தின நாளே ஒரு கேட்டலினா ரோந்து விமானம் கப்பல்களைப் பார்த்து சேதி சொல்லியிருந்தது. ஆனா அன்னிக்குக் காலையில இரத்மலானை விமான தளத்துக்கு எச்சரிக்கை போய்ச் சேரல. அங்கே நின்னது 30வது ஸ்குவாட்ரனோட ஹரிக்கேன்கள். தலைக்கு மேல எதிரி வந்த பிறகுதான் அவங்களுக்கே தெரியும்.

ஹரிக்கேன்ல இருந்தது மெர்லின் எஞ்சின், 12 சிலிண்டர், 27 லிட்டர். ஸ்ப்ளெண்டர் பைக் 100 சிசி, அதாவது 270 ஸ்ப்ளெண்டர் ஒரே எஞ்சினா. இதை ஸ்டார்ட் பண்ண ரெண்டு சக்கரத் தள்ளுவண்டியில பேட்டரி அடுக்கி விமானத்துக்குப் பக்கத்துல வச்சிருப்பாங்க. ஒயரைச் சொருகணும், கையால பம்ப் அடிச்சு எஞ்சினுக்குள்ள பெட்ரோல் பீய்ச்சணும், ரெண்டு பொத்தானை அழுத்தணும், பிடிச்சதும் ஒரு ஆள் ஒயரைப் புடுங்கி வண்டியை இழுத்துட்டுப் போகணும். பேட்டரி இறங்கியிருந்தா ரெண்டு பக்கமும் ஹேண்டில் சொருகி ரெண்டு பேர் சுத்தணும். எப்பவும் ஓடவிட்டே வச்சிருந்தா என்னன்னு எனக்கும் தோணுச்சு. முடியாது. தண்ணியில குளிரூட்டுற எஞ்சின், தரையில நின்னுக்கிட்டு ஓடினா சூடேறிடும். அதுவும் இலங்கை வெயில்ல! அதனால அவசரக் கிளம்பலுக்கு மெக்கானிக்தான் முதல்ல காக்பிட்ல ஏறி எஞ்சினை உயிர்ப்பிப்பார். பைலட் ஓடி வந்து இடம் மாத்திக்குவார்.

இந்த வேலை மொத்தமும் அன்னிக்கு இரத்மலானையில குண்டுக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் நடுவுல நடந்தது. ஸ்டார்ட் ஆக எடுக்கிற ஒவ்வொரு நொடியும் உயிர்க்கணக்கு. மேலே போகிற வரைக்கும் விமானம் ஒரு அசையாத குறி. அப்படியும் பல ஹரிக்கேன்கள் எழும்பிப் போய் சண்டை போட்டன, பல திரும்பி வரல. கொழும்பு குதிரைப் பந்தயத் திடல்ல ஒளிச்சு வச்சிருந்த 258வது ஸ்குவாட்ரன் விமானங்களும் போய் பலத்த அடி வாங்கின. ஒயர் புடுங்கின பசங்க என்ன ஆனாங்கன்னு யோசிச்சேன். அவங்களுக்கு மேல எழும்பிப் போற வசதியும் கிடையாது.

மறுநாள் ஏப்ரல் 6ல விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. மெட்ராஸ் பாதி காலியானது அந்த மாசம்தான். கயத்தாறு, உளுந்தூர்ப்பேட்டை, சோழவரம்னு நம்ம பக்கம் போர்க்காலத்து ஓடுதளங்கள் இருக்கிறதுக்குப் பின்னாடி இந்தக் காலத்து பயம் இருக்கு.

இலங்கையில இன்னொரு கிளைக்கதை. புத்தளத்துல பிரிட்டிஷ் கடற்படை விமான தளம் ஒண்ணு இருந்தது. சேத்துல மாட்டின கோர்செய்ர் போர் விமானத்தை இழுக்க யானை வச்சிருந்தாங்க. போட்டோவே இருக்கு. யானை ப்ரொப்பெல்லர் சுத்தினதான்னு கேட்காதீங்க. கோர்செய்ருக்கு அது தேவையில்ல. அதுக்குத் தோட்டா இருந்தது.

ஆமா, தோட்டா! இதைத்தான் தாத்தா சொல்ல வந்தார், நான்தான் சுத்தி வளைச்சு இப்போ வர்றேன்.

காஃப்மேன் ஸ்டார்ட்டர்னு பேரு. வேட்டைத் துப்பாக்கித் தோட்டா மாதிரி ஒண்ணு, உள்ளே கார்டைட் மருந்து. பைலட் பொத்தானை அழுத்தினா வெடிக்கும். அந்த வாயு ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் முறுக்கு மரை வழியா நகரும்போது எஞ்சின் சுத்தும். பேட்டரி வேண்டாம், தள்ளுவண்டி வேண்டாம், ஆளுங்க நின்னு சுத்த வேண்டாம். பிரச்சினை என்னன்னா ஒரு தோட்டாவுக்கு சில சுத்துதான். அதுக்குள்ள பிடிக்கலைன்னா அடுத்த தோட்டா. 'ஃப்ளைட் ஆஃப் த ஃபீனிக்ஸ்' (1965) படம் பார்த்தவங்களுக்குத் தெரியும். பாலைவனத்துல மாட்டினவங்க கையில மொத்தமே ஏழு தோட்டா. அதுல ஒண்ணை, சிலிண்டரைச் சுத்தம் பண்றதுக்குன்னே ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு வெடிப்பார் ஜேம்ஸ் ஸ்டீவர்ட். வயித்தைக் கலக்கும் காட்சி.

1947 அக்டோபர் கடைசியில காஷ்மீர்ல சண்டை ஆரம்பிச்சப்போ நம்ம விமானப்படை கையில இருந்த முக்கியமான தாக்குதல் விமானம் டெம்பெஸ்ட். அதுல சென்டாரஸ் எஞ்சின், 18 சிலிண்டர், 53 லிட்டர். ஸ்ப்ளெண்டர் கணக்கு நீங்களே போட்டுக்கோங்க. அதுவும் தோட்டாவுலதான் கிளம்பும்.

ஜெட் வந்ததும் இதெல்லாம் ஒழிஞ்சிடுச்சுன்னுதான் நான் நினைச்சிருந்தேன். சின்னத் தாத்தா சிரிச்சார். அவர் வேலை பார்த்தது ஆக்ராவுல, கான்பரா குண்டுவீச்சு விமானத்துல. ரெண்டு ஏவான் ஜெட் எஞ்சின். இந்தியா 1957ல வாங்க ஆரம்பிச்சது. ஒவ்வொரு எஞ்சின் வாயிலயும் நடுவுல குண்டு மாதிரி ஒரு மூக்கு இருக்கும், ஸ்டார்ட்டர் அதுக்குள்ள. மூணு தோட்டா போடலாம். இங்கே வாயு பிஸ்டனைத் தள்ளாது, ஒரு குட்டி டர்பைனைச் சுத்தும், அது பெரிய எஞ்சினைச் சுத்தும்.

"போட்டு மூடிட்டு ஒதுங்கிருவோம். பைலட்டு பொத்தானை அமுக்குனா, ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம், கன்னங்கரேல்னு பொகை. புதுசா பாக்கிறவன் தீப்பிடிச்சிட்டுன்னு ஓடுவான். பொகை கலையிறதுக்குள்ள எஞ்சின் பிடிச்சிரும்."

"பிடிக்கலைன்னா?"

"உடனே போய்த் தொறக்கப்பிடாது. தோட்டா லேட்டா வெடிச்சாலும் வெடிக்கும். காத்திருந்து, அப்புறம்தான் போவணும். யாரு போவா? பைலட்டா போவான்? நாங்கதான் போவோம்."

இதுல இருந்த பெரிய லாபம், விமானம் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்ல. ஒரு பெட்டி தோட்டா இருந்தா எந்தக் காட்டுலயும் இறங்கி, திரும்பக் கிளம்பலாம். 1961ல ஐ.நா. படைக்காக நம்ம 5வது ஸ்குவாட்ரன் கான்பராக்கள் ஆப்பிரிக்காவுல காங்கோவுக்குப் போய், கமினா தளத்துல இருந்து சண்டை போட்டன. ஊர் விட்டு ஊர் இல்ல, கண்டம் விட்டு கண்டம். அந்த மாதிரி இடத்துல ஸ்டார்ட்டிங் வண்டி எங்கேன்னு தேடிக்கிட்டு இருக்க முடியாது.

ஹன்டர் விமானத்துல இன்னொரு படி மேல போனாங்க. தோட்டாவுக்குப் பதிலா ஐசோபுரொப்பைல் நைட்ரேட்னு ஒரு திரவம். காத்தே இல்லாம தானா எரியும். நினைச்சாலே பயமா இருக்கு. ஜெர்மன்காரன் மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட்டுல மூக்குக்குள்ள ஒரு குட்டி டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை வச்சான், பத்து குதிரைத்திறன். அதைக் கயிறு பிடிச்சு இழுத்து ஸ்டார்ட் பண்ணலாம். உலகத்தோட முதல் ஜெட் போர் விமானம், ஆரம்பிக்கிறது மொபெட் சத்தத்துல :-)

கான்பரா 2007 மே 11ல ஆக்ராவுல ஓய்வு பெற்றது. ஐம்பது வருஷம்! டைகர் மாத் ஒண்ணை இங்கிலாந்துல புதுப்பிச்சு, 2012ல விமானப்படை நாளுக்குப் பறக்க விட்டாங்க. காஷ்மீருக்குப் படை ஏத்திட்டுப் போன டகோட்டா ரகத்துல ஒண்ணு 2018ல திரும்ப வந்தது. அந்த ரகத்துக்கு ஒரு விஷயம் மாறவே இல்ல. வட்ட வடிவ எஞ்சின்ல ராத்திரி முழுக்க ஆயில் வடிஞ்சு அடி சிலிண்டர்ல தேங்கி நிக்கும். அப்படியே ஸ்டார்ட் பண்ணினா ராடு வளைஞ்சிடும். அதனால காலையில எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரைத் தொடுறதுக்கு முன்னாடி ஆளுங்க கையால ப்ரொப்பெல்லரைச் சுத்திப் பார்த்தே ஆகணும்.

கல்யாண வீட்டுல இருந்து திரும்பின மறுநாள், சின்னத் தாத்தாவைக் கிணத்து மேட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். கரண்ட் மோட்டார் வந்து பல வருஷம் ஆச்சு. ஆயில் எஞ்சின் துருப்பிடிச்சு ஒரு மூலையில கிடக்குது, ஹேண்டில் மட்டும் செவுத்து ஆணியில தொங்குது. நான் அதை எடுத்து, சும்மா சுத்திப் பார்க்கிற மாதிரி பிடிச்சேன்.

"ஏல எய்யா," என்றார். "பெருவெரலு."